செட்டிக்குளத்தில் விட்ட கப்பல்

முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே படிக்கிற ஆட்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்ன வயசுக்காரர்கள் படித்தால், "அப்புறம் இன்னா ஆச்சி, சீக்கிரம் சொல்லு" என்று பறப்பார்கள். நமக்கு அந்த அவசரம் கிடையாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது, எழுந்தால் உட்கார நேரமாகிறது. நடுவில் கொஞ்சம் கேளுங்கள்.

ரிட்டயர் ஆனதிலிருந்து நான் கப்பல் செய்கிறேன். சிரிக்காதீர்கள். பாய்மரக் கப்பல், முழங்கை நீளத்துக்கு. பெட்டியில் எல்லாம் துண்டு துண்டாக வரும்: மரக்கீற்று, குச்சி, நூல் உருண்டை, பாய்த் துணி, மிளகு அளவுக்குக் கப்பிகள். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். கொரியர்காரன் ஒவ்வொரு தடவையும், "செஞ்சியில சுத்தி மலைதானம்மா இருக்குது, கப்பல எங்க கொண்டும்போயி வுடுவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவான். என் மருமகளுக்கு வேறு கவலை. தூசி தட்டுவது அவள்தானே. என் வயசுக்காரிகள் கோயில், சீரியல் என்று இருக்கும்போது இந்தக் கிழவிக்கு மட்டும் ஏன் இந்தப் பைத்தியம் என்று தெருவில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. பைத்தியம்தான். ஆனால் இது இப்போது பிடித்த பைத்தியம் இல்லை. நான் அஞ்சாங்கிளாஸ் படித்த வருஷம், ஐப்பசி மழையில் பிடித்தது.

என் அம்மாவுக்கு ஒரே தம்பி, என் மாமா. தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட, அம்மாதான் அவரை வளர்த்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டலில் தோசை சுட்டுக்கொண்டிருந்த மனுஷன், மெட்ராசுக்குப் போய் யார் யாரையோ பிடித்துச் சரக்குக் கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்துவிட்டார். நீச்சல் தெரியாது. கிணற்றுப் படியில் இறங்கக்கூடப் பயப்படுவார். எங்கள் தெருவில் கடலைக் கண்ணால் பார்த்தவர்களே ஒன்றிரண்டு பேர்தான். இவர் கடல் மேலேயே குடியிருக்கப் போனார் என்றால் சும்மாவா? அம்மா தெருக்கோடி வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் லீவில் வந்தபோது அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். பெண் தொண்டூர். மாமா கப்பலுக்குத் திரும்பிய பிறகு அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஒல்லியாக, வேகமாக, ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்கிற பெண். தினம் சாயங்காலம் சரம் சரமாகப் பூக் கட்டுவாள். அவள் விரல் போகிற வேகத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த லீவில் மாமா ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். மேலே மூன்று பாய்மரம் வைத்த கப்பலின் படம். எழுத்தெல்லாம் ஏதோ தேசத்து எழுத்து. இங்கிலீஷ்கூட இல்லை. திறந்ததும் வந்த வாசனை இன்னும் என் மூக்கிலிருந்து போகவில்லை: புதுப் பலகையும் பிசினும் எண்ணெயும் கலந்த வாசனை. இப்போது எனக்கு வருகிற பெட்டிகளில் அது இல்லை. திறந்ததும் முகர்ந்து பார்ப்பேன், பிளாஸ்டிக் நாற்றம்தான் வரும்.

"இன்னாடா இது, நாலு குச்சியும் நூலும்? இதுக்கா காச கொட்டுன?" என்றாள் அம்மா.

"எங்க கப்பல்ல ஒரு ஆபீசர் இத செஞ்சினே இருப்பாருக்கா. டீ கொண்டுனு போறப்பல்லாம் நின்னு பாப்பேன். கைய வச்சா எழுந்துக்கவே மனசு வராது" என்றார் மாமா.

அந்த லீவு முழுக்க எங்கள் கூடத்தில் கப்பல் வேலைதான். முதலில் நீளமான ஓர் அடிக்கட்டை. அதில் குறுக்கே விலா மாதிரி பலகைகளை வரிசையாக நிறுத்த வேண்டும். நிறுத்தி முடித்ததும் அது, தின்று போட்ட மீன் முள் மாதிரியே இருந்தது. "இதுக்கு மேல தோலு போத்தணும்" என்று மாமா மரக்கீற்றுகளைக் காட்டினார். தோல் போர்த்துவதற்குள் லீவு முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அம்மா மல்லாட்டை உருண்டை, அதுதான் வேர்க்கடலை உருண்டை, கட்டிக் கொடுத்து அழுதாள். மாமா ஜன்னல் வழியாக என் தலையைத் தட்டி, "நீயும் அத்தையும் சேர்ந்து முடிச்சி வைங்க. அடுத்த வாட்டி வரும்போது அதுக்குக் கண்ணாடிப் பொட்டி வாங்கியாறேன்" என்றார். அத்தை, பஸ் திரும்பி மறைகிறவரைக்கும் கை மட்டும் ஆட்டினாள்.

அவசரமில்லாமல் செய்தோம் நாங்கள் இருவரும். மரக்கீற்றை வெந்நீரில் ஊறப்போட்டு, குண்டானின் வயிற்றில் வைத்து வளைத்துக் கட்டி, காய்ந்ததும் எடுத்து விலாவில் ஒட்டுவோம். ஒட்டியது விலகாமலிருக்க அத்தையின் கொண்டை ஊசிகளைச் சொருகி வைப்போம். ஒரு கப்பி எங்கேயோ உருண்டு தொலைந்து போனது. அத்தை என் பாசிமணியில் ஒன்றை அவிழ்த்து அந்த இடத்தில் கட்டினாள். "உங்க மாமாவுக்குக் கண்டுபிடிக்கத் தெரியுதா பாக்கலாம்" என்று சிரித்தாள். அந்தப் பச்சைப் பாசிமணி எனக்கு இப்போதும் கனவில் வரும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், திண்டிவனத்திலிருந்து ஒருத்தர் குடையை மடக்கிக்கொண்டே வந்து வாசலில் நின்றார். மாமாவோடு முன்பு வேலை பார்த்தவர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மாமாவின் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது, கப்பலைப் பற்றித் தகவலே இல்லை என்றார். அம்மா "ஐயோ" என்று தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

"இருங்கம்மா, முழுசா கேளுங்க. அந்தப் பக்கம் போன வேற கப்பலு கொஞ்ச பேர தூக்கிக் காப்பாத்தி இருக்குதுன்னு பேச்சு. யாரு யாருன்னு பேரு இன்னும் வரல. கம்பெனி ஆபீசு மெட்ராசுல இருக்குது. வூட்டு ஆளுங்க நேர்ல போயி நின்னாத்தான் சொல்லுவாங்க. போவாம இருந்துடாதீங்க" என்றார்.

அவர் போன பிறகும் அவருடைய குடை நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

நைனா, எங்கள் அப்பா, மெட்ராசுக்குப் போனார். நைனா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடுகிறவர். நெல்லும் மல்லாட்டையும் வருகிற காலத்தில் நூறு பேரைச் சத்தம் போட்டு வரிசையில் நிறுத்துகிற ஆள். அவர் மறுநாள் திரும்பி வந்தபோது குரலே வெளியே வரவில்லை. "பேரு இன்னும் வரலையாம். ரெண்டு வாரம் கழிச்சி வந்து கேக்கச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், யார் யாரிடம் துரத்தினார்கள், வேட்டியைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மாமாவை நினைத்துத்தான் சாப்பிடவில்லை என்று நாங்கள் நினைத்தோம்.

அந்த ரெண்டு வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. தலை வாரவில்லை. சைக்கிள் மணி கேட்டால் ஓடுவாள். குடையோடு யாராவது தெருவில் வந்தால் உள்ளே ஓடி ஒளிவாள். பாதி தோல் போர்த்திய கப்பல் மூலையில் அப்படியே கிடந்தது. அதன் மேல் யாரும் கை வைக்கவில்லை.

வல்லத்திலிருந்து பெரியப்பா வந்தார். நைனாவின் அண்ணன். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொலுசு வாங்கிக் கொடுத்தவர். வந்து உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே, "இப்பிடியே உட்டு வச்சா எப்பிடி? அவன் போய்ட்டான்னா கருமாதி பண்ணாம அலைய உடறது பாவம். உசுரோட இருக்கான்னா கருமாதி பண்றது அதவிடப் பாவம். ஏதோ ஒண்ணு தெரியணுமில்ல?" என்றார்.

"மெட்ராசுக்குப் போனா தெரியும்ணா. அண்ணன் திரும்பப் போய்க் கேட்டா தெரியும்" என்றாள் அத்தை கதவோரம் நின்று. நைனாவைத்தான் அவள் அண்ணன் என்பாள்.

நைனா குனிந்து வேட்டி நுனியை நீவிக்கொண்டிருந்தார்.

"ஆபீசுக்காரன் இன்னா சாமியா? ஆத்தாளக் கேப்போம்" என்றார் பெரியப்பா.

செஞ்சிக் கோட்டை மலை மேலே கமலக்கண்ணி அம்மனிடம் பூப் போட்டுப் பார்த்தோம். உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்: வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலம். வெள்ளை வந்தால் இருக்கிறார், சிவப்பு வந்தால் இல்லை. சின்னப் பிள்ளை கையால் எடுக்க வேண்டும். என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன், வெள்ளை. அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். "இன்னொரு வாட்டி எடு, மனசு நெறைஞ்சிடும்" என்றாள் அம்மா. ஆசைதான் அவளுக்கு. எடுத்தேன், சிவப்பு. மூன்றாவது தரம் எடுக்கப் பூசாரி விடவில்லை. "ஆத்தாள சோதிக்காதீங்க, போங்க" என்று விரட்டிவிட்டார். 

வீட்டுக்கு வந்து, விளக்கேற்றிய கையோடு அம்மாதான் அதைச் சொன்னாள். "அவன் கையால ஆரம்பிச்ச கப்பலு இருக்குதே. அத முடிச்சி செட்டிக்குளத்துல உடுவோம். அது நின்னா எந்தம்பி இருக்கான். நிக்கலன்னா..." மேலே சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பெரியப்பாவுக்கு அது சரியாகப் பட்டது. நைனாவைக் காட்டி, "நின்னுச்சின்னா தம்பி மெட்ராஸ் போவட்டும், பம்பாய் வேணும்னாலும் போவட்டும், நானே கூடப் போறேன். நிக்கலன்னா ஆவ வேண்டியதப் பாப்போம்" என்றார். நைனா, "ஆமாண்ணா" என்றார். அந்த "ஆமாண்ணா" எவ்வளவு வேகமாக வந்தது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. மூட்டைகளுக்கு நடுவே ராஜா மாதிரி நிற்கிற மனுஷன், அந்த ஆபீஸ் மேஜைக்கு முன்னால் இன்னொரு தரம் போய் நிற்கப் பயந்திருக்கிறார். பயமாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எங்கள் நைனாவுக்குப் பயமா என்று அன்றைக்கு யார் கேட்டாலும் நான் அடித்தே இருப்பேன்.

அத்தை எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். "சரி" என்றாள். எழுந்து போய் மூலையிலிருந்த கப்பலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் அதைக் கீழே வைக்கவில்லை. விடிந்ததும் உட்காருவாள், வெளிச்சம் போகிறவரைக்கும் எழ மாட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடி வந்துவிடுவேன். இப்போது முணுமுணுக்கிற பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை. ஒரு கீற்று சரியாக உட்காரவில்லை என்றால் பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்டுவாள். விரலெல்லாம் பிசின் காய்ந்து தோல் உரிந்தது. "அத்த, போதும் அத்த, கொஞ்சம் படு" என்று நான் சொன்னால், "ஒரு இடுக்கு உட்டாலும் தண்ணி வந்துடும்டி. தண்ணி வந்தா முழுகிடும்" என்பாள். ஒரே நினைப்பு அவளுக்கு, ஓட்டை. கப்பலின் வயிற்றில் சொம்புத் தண்ணீரை ஊற்றி, தூக்கிப் பிடித்து, எங்கே கசிகிறது என்று பார்ப்பாள். கசிகிற இடத்தில் மெழுகை உருக்கி விடுவாள். நைனா எங்கிருந்தோ கொஞ்சம் தார் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் பூசினாள். கடைசியில் ஒரு சொட்டு கசியவில்லை. மேல்தட்டையும் மூடி, ஓரமெல்லாம் மெழுகு விட்டாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குடமும் வாளியும் தவலையும்தானே. ஓட்டை இல்லாவிட்டால் நிற்கும் என்று நினைத்தோம். ஊரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, வேறு மாதிரி சொல்லவில்லை.

பெட்டியில் இருந்த பாய்த் துணியை எலி கடித்துவிட்டிருந்தது. அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து மாமாவின் கல்யாண வேட்டியை எடுத்தாள். "அத்த, அது மாமாவோடது" என்றேன். "அதான்டி" என்றாள்.  கெட்டி வேட்டி. கஞ்சி போட்டு விறைப்பாக்கி, பாய் பாயாக வெட்டி, மூன்று மரத்திலும் ஒன்றுகூட விடாமல் கட்டினாள். மரத்தின் உச்சிக்கு ஏறிப் போகிற கயிற்று ஏணி ஒன்று உண்டு, மாலுமிகள் ஏறுவதற்கு. அதைப் படத்தில் பார்த்துக் கட்ட எங்களுக்குத் தெரியவில்லை. பூக் கட்டுகிற முடிச்சைப் போட்டாள். அவ்வளவு அழகாக வந்தது! இன்றைக்கும் நான் அந்த முடிச்சுதான் போடுகிறேன். "இதுல ஏறி நின்னா கரை தெரியும் இல்ல?" என்று கேட்டாள். "தெரியும் அத்த" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

முடித்த அன்றைக்கு அத்தை தலை முழுகி, பொட்டு வைத்து, சோறு சாப்பிட்டாள். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு, "எவ்ளோ கெட்டியா இருக்குது பாத்தியா? நிக்கும்டி. கண்டிப்பா நிக்கும்" என்றாள். நானும் நம்பினேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த வீட்டிலேயே நாங்கள் இருவர்தான் முழுசாக நம்பினோம்.

மறுநாள் காலையிலேயே கிளம்பிப் போனோம். கப்பலை அத்தை குழந்தையைத் தூக்குவது போல முந்தானையில் மூடித் தூக்கி வந்தாள். மழை விட்டிருந்தது. கோட்டை அடிவாரத்துச் செட்டிக்குளம் படி முட்ட நிறைந்து கிடந்தது. காற்று இல்லை. தண்ணீரில் ராஜகிரி மலை தலைகீழாகத் தெரிந்தது. அம்மா கற்பூரம் ஏற்றினாள். பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அத்தை படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, கப்பலை இறக்கினாள்.

நின்றது. கடவுளே, நின்றது! வெள்ளைப் பாயும் கறுப்பு வயிறுமாக அது தண்ணீரில் உட்கார்ந்ததைப் பார்த்து நான் கத்தியேவிட்டேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் அத்தை இன்னும் கையை எடுக்கவில்லை.

"கைய எடும்மா" என்றார் பெரியப்பா.

அவள் எடுக்கவில்லை.

"கைய எடுத்தாத்தானே தெரியும்."

எடுத்தாள். கப்பல் லேசாக அந்தப் பக்கம் ஆடியது. இந்தப் பக்கம் ஆடியது. பிறகு, தூக்கம் வந்த பிள்ளை சாய்கிற மாதிரி, அவசரமே இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. மூன்று மரமும் தண்ணீரில் படுத்தன. வேட்டித் துணி நனைந்து கறுத்தது.

 அத்தைதான் திரும்பினாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"முழுகல! பாருங்க, முழுகல! மெதக்குது! அண்ணி, மெதக்குது பாரு அண்ணி!"

உண்மைதான். அது முழுகவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. படுத்தபடி மிதந்துகொண்டுதான் இருந்தது.

"சாஞ்சிட்சிம்மா" என்றார் பெரியப்பா. அவர் குரலும் உடைந்துதான் இருந்தது.

"சாஞ்சா இன்னா? படுத்துனு இருக்குது, அவ்ளோதான்! யாரோ தூக்கிட்டாங்கன்னு சொன்னாங்க இல்ல? அப்பிடித்தான் மெதந்துனு இருந்திருப்பாரு! அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா! முழுகலையே!"

நைனா துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா படியில் விழுந்து, "எந்தம்பி, எந்தம்பி" என்று அலற ஆரம்பித்துவிட்டாள். அந்த அலறல்தான் தீர்ப்பு. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தை மட்டும் தண்ணீருக்குள் இன்னும் இறங்கிப் போய்க் கப்பலை நிமிர்த்தினாள். அது சாய்ந்தது. திரும்ப நிமிர்த்தினாள். சாய்ந்தது. இடுப்புவரை தண்ணீரில் நின்றுகொண்டு நிமிர்த்திக்கொண்டே இருந்தாள். நைனாதான் இறங்கி அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. என்னைப் பக்கத்து வீட்டில் அடைத்துவிட்டார்கள். கண்ணாடி வளையல் உடைகிற சத்தம் மட்டும் சுவர் வழியாகக் கேட்டது. அவள் அழுகிற சத்தம் கேட்கவே இல்லை.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்து அத்தை நைனாவிடம் போய் நின்றாள். நானும் பக்கத்தில் இருந்தேன். "அண்ணா, ஒரே ஒரு வாட்டி போயிக் கேட்டுட்டு வாங்கண்ணா. பேரு வந்திருக்கும்" என்றாள். நைனா அவள் முகத்தைப் பார்க்காமல், "அதான் பாத்தாச்சேம்மா" என்றார்.

அதான் பார்த்தாச்சே. அந்த ஒரு வார்த்தைதான். அதோடு முடிந்தது. யாருமே போகவில்லை. போய்க் கேட்கவே இல்லை. திண்டிவனத்துக்காரர் அவ்வளவு சொல்லிவிட்டுப் போனார், போகாமல் இருந்துவிடாதீர்கள் என்று. அந்த வருஷம் போகி அன்றைக்கு அம்மா கப்பலைத் தெருவில் போட்டுக் கொளுத்தினாள். தார் பூசியிருந்ததால் சடசடவென்று எரிந்தது. பச்சைப் பாசிமணி சாம்பலில் கிடக்கும் என்று மறுநாள் கிளறிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அத்தை தொண்டூருக்குத் திரும்பிப் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை கிடைத்தது. எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். பூ மட்டும் கட்டவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு, ஆபீஸ் விஷயமாக மெட்ராஸ் போன ஒரு சமயம், அந்தக் கம்பெனி இருந்த தெருவைத் தேடிப் போனேன். கம்பெனி இழுத்து மூடி வருஷக்கணக்காகிவிட்டது என்றார்கள். அந்தக் கட்டடத்தில் பாத்திரக் கடை இருந்தது. பழைய ஆட்கள், பழைய தகவல் எதுவும் யாருக்கும் தெரியவில்லை. இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

நைனா, அம்மா, பெரியப்பா யாரும் இப்போது இல்லை. மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். ஒரு நாள் மன்னிப்பேன், மறுநாள் மாட்டேன். அத்தை என்னோடுதான் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், கண் நன்றாகத் தெரியும். நான் கப்பல் செய்வதை அவள் கண்டுகொள்வதில்லை. அந்த அறைக்குள் வரவே மாட்டாள். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாசம் ஒரு கப்பல் முடித்தேன். மூன்று பாய்மரம், அதே மாதிரி. இத்தனை வருஷமாகச் செய்தும் ஒன்றைக்கூட நான் தண்ணீரில் விட்டதில்லை. அன்றைக்கு என்னவோ தோன்றியது. பின்பக்கம் துணி ஊற வைக்கிற சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கொண்டுபோய் விட்டேன். படுத்துக்கொண்டது, அன்றைக்குப் போலவே.  அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். மேலே இத்தனை மரம், இத்தனை பாய். அடியில் என்ன இருக்கிறது? வெறும் காற்று. மூட்டை ஏற்றாத வண்டியின் பின்பக்கம் ஆள் ஏறினால் குடை சாயாதா? வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு கொஞ்சம் என்னிடம் இருந்தது, நூல் முறுக்காமல் தொங்கவிடுவதற்காக வாங்கியது. மேல்தட்டில் ஒரு மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கப்பலின் வயிற்றுக்குள் போட்டேன். போட்டு, தண்ணீரில் விட்டேன்.

நின்றது. தட்டினேன், ஆடிவிட்டு நிமிர்ந்தது. வேண்டுமென்றே சாய்த்துப் பிடித்து விட்டேன். தானாக எழுந்து நின்றது. கண்ணாடிப் பெட்டியில் அழகுக்கு வைக்கிற பொம்மை அது. அடியில் பாரம் போடாமல் தண்ணீரில் விட்டால் யார் செய்தாலும், எவ்வளவு கெட்டியாகச் செய்தாலும், சாய்ந்துதான் தீரும். மாமா இருந்தாலும் சாய்ந்திருக்கும். மாமா போயிருந்தாலும் சாய்ந்திருக்கும். இதைக் கேட்டா ஒரு மனுஷனைத் தேடாமல் விட்டோம்? தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த வயசில் வாய்விட்டு அழுதால் நெஞ்சு வலிக்கிறது.

திரும்பினால் அத்தை நிற்கிறாள். துணி எடுக்க வந்திருக்கிறாள் போல. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, கப்பலைத்தான் பார்த்தாள்.

"உள்ள இன்னாடி போட்ட?"

"ஈயம், அத்த."

"அதப் போட்டாத்தான் நிக்குமா?"

"ஆமா அத்த."

"நாம போடலையே."

"நமக்குத் தெரியாதே அத்த."

குனிந்து, ஒரு விரலால் கப்பலின் மரத்தைத் தொட்டுச் சாய்த்தாள். விட்டாள். எழுந்து நின்றது. திரும்பச் சாய்த்தாள். எழுந்து நின்றது. விரலைப் பாவாடையில் துடைக்கிற சின்னப் பெண் மாதிரி புடவையில் துடைத்துக்கொண்டாள்.   அம்மா, நைனா, பெரியப்பா எல்லாரையும் அவள் திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். திட்டட்டும், அப்பாடா என்று இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ, இன்னிக்கிப் போயிக் கேட்டா சொல்லுவாங்களாடி?"

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று, நரைத்துக் கிடந்த நாலு முடியை வாரிக்கொள்ள ஆரம்பித்தாள்.